அடுத்த அறைக்குப் போகாத சொல்

ஓர் அறையில் ரகசியமாகக் கேட்டதை மற்ற அறையில் சொல்லக் கூடாது; தொழிலாளர் சமரச அதிகாரிக்கு அதுதான் சட்டம். முதலாளியின் அறையில் சற்றுமுன் கேட்டது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது: வேலைநிறுத்தம் முடிந்து தேங்கிய சரக்கு வெளியேறியதும் ஆலைக்கு நிரந்தரப் பூட்டு.

அடுத்த அறையில் சங்கத் தலைவர் பேனாவுடன் காத்திருந்தார். அதிகாரியுடன் இருபது வருடப் பழக்கம்.

"வேலைநிறுத்தத்த முடிச்சுக்கலாமா சார்? வாயத் திறக்க மாட்டீங்க, தெரியும். உங்க மூஞ்சிதான் எங்களுக்கு நோட்டீஸ் போர்டு. கொஞ்சம் இப்படித் திரும்புங்க, படிச்சுக்கிறேன்."

சுற்றியிருந்த சங்கத்தார் எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலைப் பார்த்து நின்ற அதிகாரி திரும்பினார். சட்டத்தைக் காப்பாற்ற அவரும் சிரித்தார்.

"அப்பாடா! இனி பொண்ணு கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிடலாம்," என்றபடி தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் பேனாவை நீட்டினார்.

அதில் தலைவரின் கைச்சூடு இன்னும் இருந்தது.