கயிறு போட்டால் 'தி'

ராயபுரத்தில் எங்கள் தெருவிலிருக்கும் சாவியோவுக்கு வயது ஐம்பத்தொன்று. துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. கப்பலிலிருந்து வீசுகிற கயிற்றைப் பிடித்துக் கரையிலிருக்கும் இரும்பு முளையில் மாட்டுவார். இருபத்தாறு வருஷம் மாட்டியவருக்கு மேஸ்திரி பதவி வரும் நேரத்தில் ஒரு சிக்கல். மேஸ்திரி என்றால் வாக்கிடாக்கியில் வெளிநாட்டுக் கேப்டனோடு இங்கிலீஷ் பேச வேண்டும். அதற்குப் பரீட்சை. போன தடவை கண்ட வார்த்தைக்கு முன்னாலெல்லாம் 'தி'யைத் தூவித் தோற்றார். இந்தத் தடவையும் தோற்றால் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மணிதான் மேஸ்திரி. அதை நினைத்தே சாவியோ நாலு கிலோ இளைத்தார்.

பக்கத்து வீட்டு தாஹிரா பள்ளிக்கூட டீச்சர். சாயந்திரம் அவளிடம் பாடம். நானும் போய் உட்காருவேன். டீ நன்றாக இருக்கும்.

"எதோ ஒண்ணுன்னா 'எ' போடணும் அங்கிள். இதுதான்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிட்டா 'தி'."

"தெரிஞ்சிச்சான்னு எப்டிமா தெரிஞ்சிக்கிறது?" சாவியோ தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "இரு இரு. தூரத்துல வந்துகினு கீது, அது எதோ ஒரு கப்பலு. எ ஷிப். கயிறு போட்டு மாட்டிட்டோம்னா நம்ம கப்பலு. தி ஷிப். கரீட்டா?"

"கரெக்ட் அங்கிள்," என்றாள் தாஹிரா. அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

மறுநாளிலிருந்து சாவியோ கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

"யோவ், மாவரைக்கணும், கிரைண்டர அவுத்து வுடுய்யா!" என்று அவர் மனைவி டெபோரா கத்துவாள்.

"எந்த கிரைண்டரு?"

"நம்ம வூட்ல இன்னா பத்து கிரைண்டரா கீது?"

"அப்ப அது தி கிரைண்டர். அவுக்கக் கூடாது."

புளியந்தோப்பிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவை எங்கள் தெருமுனைக் கம்பத்தில் கட்டினார். டிரைவர் பார்க்காமல் கிளப்பியதில் தெரு மேற்கே மூன்றடி நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் கடற்கரை மூன்றடி கூடுதல் தூரம். நம்பாதவர்கள் டேப்போடு வரலாம்.

பரீட்சைக்குத் துணையாகப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அதிகாரி மேஜை மேலிருந்த கோப்பையைக் காட்டினார்.

"எ கப்," என்றார் சாவியோ. பையிலிருந்து சணல் எடுத்துக் காதில் கட்டினார், கோப்பையின் காதில்தான். "தி கப்."

பேனா, நாற்காலி, மேஜை, எல்லாம் அப்படியே. ஒன்பது கேள்விக்கும் சரியான பதில். அதிகாரி தடுக்கவில்லை. நாற்காலியோடு அவரையும் சேர்த்து ஐந்தாவது கேள்வியிலேயே கட்டியாகிவிட்டது.

கடைசியாக அவர் ஜன்னலுக்கு வெளியே, கடலுக்கு மேலே நின்ற சூரியனைக் காட்டினார். சாவியோ கையிலிருந்த சணலைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். சணலைப் பையில் வைத்தார். போச்சு, மணிதான் மேஸ்திரி என்று நினைத்தேன்.

"தி சன்," என்றார் சாவியோ.

"கயிறு போடலியே?" என்று அதிகாரி தமிழுக்கு வந்துவிட்டார்.

"நானு போடல சார். எவனோ மேஸ்திரி முன்னாடியே போட்டுகிறான். இல்லாங்காட்டி தெனமும் அதே கடல்ல வந்து நிக்குமா?"

அதிகாரி பேனாவைச் சணலோடு கிட்டே இழுத்தார். அவிழ்ந்திருந்த ஒரு கையால் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சாவியோ மேஸ்திரி. மணி வணக்கம் வைக்கிறான். மேகமூட்டத்தில் விடியத் தாமதமானால் டெபோரா அவரை உலுக்கி எழுப்பி அனுப்புகிறாள். அவர் கடற்கரையில் நின்று சூரியனின் கயிற்றை நாலு இழுப்பு இழுப்பார். வீடு திரும்புவதற்குள் வெயில் வந்துவிடும். நானே பார்த்திருக்கிறேன்.