நசுங்காத எலுமிச்சம்பழம்

என் மகனுக்கு வேதகிரி என்று பெயர் வைத்தது என் மாமனார் பச்சமுத்து. திருக்கழுக்குன்றத்து மலைச்சாமியின் பெயர். மலையின் பெயரை வைத்தால் பிள்ளையும் மலையாட்டம் கனக்கும் என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வயது தாண்டியும் அவன் தரையில் கால் வைக்க மாட்டான். என் இடுப்பைத் தவிர வேறு எந்த இடுப்பும் அவனுக்கு ஆகாது. அவனுடைய அப்பா தினேஷ்குமார் தூக்கினால் அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி அலறுவான். "பாத்தியா சசி, உன்னத்தான் தேடறான். இன்னா பாசம்!" என்று பூரித்துப்போய் உடனே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். பாசத்தைப் பார்த்து ரசிக்க அவர், தூக்கிச் சுமக்க நான்.

என் ஆசை ஒன்றும் பெரிய ஆசை இல்லை. காணும் பொங்கலன்று எங்கள் ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும். ஏரி நிரம்பினால் வழிகிற கலங்கலில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பி வரும். போன வருஷம் குழந்தை சின்னது என்று என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் நானும் போக வேண்டும், அதுவும் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு போக வேண்டும். கையை வீசி நடப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அதை நினைத்தால் சில நாள் அழுகைகூட வந்துவிடும்.

"கொயந்த வண்டி ஒண்ணு வாங்கிடலாம். நீ கவலயே படாத" என்றார் தினேஷ். அவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிப்ட் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் குழந்தை வண்டி வீடியோவாகவே பார்த்துத் தள்ளினார். கடைசியில் அவர் கண்டுபிடித்துச் சொன்னது, நல்ல வண்டியில் காபி டம்ளர் வைக்க இடம் இருக்கும் என்பதுதான். வரப்பில் ஓடுமா, சேற்றில் ஓடுமா என்று கேட்டேன். அதை வீடியோவில் சொல்லவில்லையாம்.

அதனால் எல்லோருமாகக் காஞ்சிபுரம் கடைக்கே போனோம். மாமனார் தோளில் ஒரு சாக்கு மூட்டை. போகிற வழியில் யாருக்கோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஏசி கடை. தரையில் முகம் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு ரோஸ் நிற வண்டியை ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. பொத்தானை அமுக்கினால் பாட்டு வேறு.

"இந்தத் தரையில நானே வழுக்கிக்கினு ஓடுவேன்" என்றார் மாமனார். "எங்க வழியில ஓட்டிக் காட்டு."

"வண்டிய வெளிய எடுத்துக்கினு போக வுடமாட்டோம், ஐயா."

"தெரியும். அதான் வழிய எடுத்தாந்துகீறேன்."

சொன்னவர் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். ஏரிக்கரைக்குப் போகிற வழியில் டிராக்டர் சக்கரம் மிதித்துக் காய்ந்த மண்கட்டிகள், அறுத்த நெல்லின் தாள், கொஞ்சம் ஜல்லி, ஒரு கைப்பிடி நெருஞ்சி முள். என் மாமனார் சக்கரம் வைத்த எதையும் தன் நிலத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. டிராக்டர் கம்பெனிக்காரனை ஒரு நாள் முழுக்கச் சேற்றில் உழ வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிய மனிதர். கடைக்காரர் வாயைத் திறந்தபடியே நின்றார். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போல இருந்தது. ஆனால் இடுப்பில் வேதகிரியை வைத்துக்கொண்டு யாராலும் ஓட முடியாது.

வேதகிரி வண்டியில் உட்கார மாட்டேன் என்று அலறியதால், கடையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி அவன் இடத்தில் உட்கார வைத்தார்கள். ரோஸ் வண்டி முதல் கட்டியிலேயே மல்லாந்தது. மல்லாந்து கிடந்தபடியே பாட்டுப் பாடியது. அடுத்தது மடக்கிக் கையில் பிடிக்கிற வண்டி. அது கட்டிக்குப் பயந்து தானாகவே மடங்கிவிட்டது.

கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு மூன்று சக்கர வண்டியை இழுத்துவந்தார். காற்றடித்த பெரிய டயர்கள், அடியில் ஸ்பிரிங். பெட்டியில் ஒரு வெள்ளைக்காரன் பனிமலையில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற படம். "ஆல் டெரெய்ன் சார். எந்தத் தரையிலயும் போவும்" என்றார்.

மாமனார் கேனை ஏற்றித் தானே தள்ளினார். கட்டியில் ஏறியது, தாளில் போனது, முள்ளை மிதித்தது. கேனில் இருந்த தண்ணீர் தளும்பவே இல்லை. குனிந்து சக்கரம் ஏறிப்போன கட்டியை எடுத்துப் பார்த்தார். கட்டி முழுசாக இருந்தது.

"பாத்தியா, கட்டி ஒடயல. நோவாம ஏறி, நோவாம எறங்குது. இதான் வண்டி!"

டம்ளர் வைக்கிற இடம் இருக்கிறதா என்று தினேஷ் தேடினார். இருந்தது. அதில் மாமனார் தன் வெற்றிலைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு, கொட்டிய மண்ணையெல்லாம் மறுபடி சாக்கில் வாரிக்கொண்டார். எங்கள் நிலத்து மண்ணைக் கடைக்காரனுக்கு எதற்கு விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய நியாயம்.

காணும் பொங்கல் விடிந்தது. புளிசோறு, தயிர்சோறு, வடை, உருளைக்கிழங்கு எல்லாம் கட்டியாயிற்று. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டேன். இந்தப் புடவையில் இடுப்புப் பக்கம் கசங்காது என்று நினைக்கும்போதே மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தால், என் மாமியார் ராணியம்மாள் தட்டோடு நிற்கிறார். தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சம்பழம்.

"புது வண்டிக்கு பூஜ போடாம கொயந்தய ஏத்துவியா? எலுமிச்சம் பயத்த நசுக்கட்டும், அப்பால ஏத்து."

தப்பில்லை. சைக்கிளிலிருந்து டிராக்டர் வரை எங்கள் வீட்டில் எல்லாச் சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் தெருவில் இறங்கியிருக்கிறது. அந்தப் பழம் வண்டிக்கு வர இருந்த கெடுதலை வாங்கிக்கொண்டு போய்விடும். வழக்கமாக நான்கு பழம் வைப்பார். இதற்கு மூன்றே சக்கரம் என்றதும் மாமியார் குழம்பிப்போனார். கொஞ்ச நேரம் யோசித்து, நான்காவது பழத்தை டம்ளர் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டார்.

கற்பூரம் காட்டியதும் தினேஷ் வண்டியைத் தள்ளினார். சக்கரங்கள் பழத்தின் மேல் ஏறின, இறங்கின. குனிந்து பார்த்தோம். மூன்று பழமும் முழுசாக இருந்தன.

"இன்னாடா இது!" என்றார் மாமியார்.

மறுபடி தள்ளினார். மறுபடியும் நோகாமல் ஏறி, நோகாமல் இறங்கியது. கடையில் மாமனார் எதைப் பார்த்து மெச்சி வாங்கினாரோ, அதையே வண்டி இங்கேயும் ஒழுங்காகச் செய்தது. போதாததற்கு, பழங்கள் எங்கள் வீட்டு மரத்தில் பறித்த அரைக்காய். கல்லாட்டம் இருந்தன. அதைச் சொன்னால் பூஜைக்குக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விதைநெல் மூட்டையில் பாதியைத் தூக்கிவந்து ஏற்றினார்கள். டயர் பிதுங்கியது. ஒரு பழம் பிதுக்கித் தள்ளப்பட்டுப் பந்தாட்டம் பறந்துபோய் எதிர்வீட்டு நாயின் முன்னால் விழுந்தது. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. அதற்குள் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு சிட்டம்மாள், "டயர்ல காத்த எறக்கிப் பாரு" என்றார். காற்றை இறக்கினார்கள். டயர் பழத்தைத் தலையணை மாதிரி மூடிக்கொண்டு போயிற்று. மறுபடி சைக்கிள் பம்பு தேடிக் காற்றடிக்க வேண்டியதாயிற்று.

மாமியார் தட்டை ணங்கென்று கீழே வைத்தார். "எனுக்கு மனசு சரியில்ல. நல்ல நாளும் அதுவுமா சகுனம் தடங்கலா கீது. இன்னிக்கு கொயந்தய அதுல ஏத்த வாணாம். வண்டி வூட்லயே கெடக்கட்டும். சசி, நீ வயக்கம் போல இடுப்புல வச்சிக்கினு வா."

வழக்கம் போலவாம். எல்லோரும் சரிதானே என்பது போல என்னைப் பார்த்தார்கள். தினேஷ் புளிசோற்றுத் தூக்கைக்கூட எடுத்துக்கொண்டுவிட்டார். வேதகிரி என் புதுப் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இடுப்பில் ஒரு குலுக்குக் குலுக்கினான், கிளம்பு என்பது போல. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"மாமா, இவன பிடிங்க" என்று அவனை மாமனார் கையில் திணித்தேன். நெல் மூட்டையை இழுத்துக் கீழே தள்ளினேன். நாயின் முன்னால் கிடந்ததையும் பொறுக்கிவந்து, மூன்று பழத்தையும் நானே சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"அய்யே, இன்னா சசி இது?" என்றார் தினேஷ்.

"தள்ளுங்க."

"ஒடஞ்சிடும்!"

"ஒடஞ்சா ஒடயட்டும். பதினஞ்சு மாசமா நான் ஒடயலியா? தள்ளுங்க!"

தள்ளினார். அடியில் ஸ்பிரிங் முழுக்க இறங்கி ஒரு முனகல் கேட்டது. அடுத்து பட், பட், பட். எலுமிச்சைச் சாறு தினேஷின் வேட்டிவரைக்கும் தெறித்தது. தெருவே கை தட்டியது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதோடு இறங்கியிருக்க வேண்டும், நியாயமாக. இறங்கப் பார்த்தேன், முடியவில்லை. இடுப்பு இரண்டு பக்கமும் கம்பியில் சிக்கிக்கொண்டது. "அப்டியே போலாம், கரையாண்ட போய் என்ன வெளிய இஸ்துக்கலாம்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், கொஞ்சம் முயன்றால் இங்கேயே எழுந்திருக்கலாம் என்று. ஆனால் சக்கரம் ஜல்லியில் ஏறி நோகாமல் இறங்கியபோது, என்னை யாரோ சுமக்கிறார்கள் என்று தோன்றியது. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை. நான் அழவில்லை. சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

தெருமுனை தாண்டி, அறுத்த கழனி ஓரமாக, தினேஷ் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் மாமனார், தோளில் வேதகிரி. அவன் அழவே மறந்துவிட்டான். அம்மா உட்கார்ந்து போவதை வாயில் விரலோடு பார்த்துக்கொண்டே வந்தவன், கரையடி வந்ததும் இரண்டு கையையும் நீட்டிக் கத்த ஆரம்பித்தான். என்னிடம் வரத்தான் கத்துகிறான் என்று நினைத்துக் கை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டான். அவனுக்கு வேண்டியது நான் இல்லை, சீட்டு.

தினேஷ் ஒரு கையும் மாமியார் ஒரு கையுமாகப் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். வேதகிரி அதில் உட்கார்ந்ததும், டம்ளர் வைக்கிற இடத்தில் இருந்த நான்காவது பழத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தள்ளு என்பது போலத் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

நான் கரைமேல் கையை வீசிக்கொண்டு நடந்தேன். முதலில் இடது கை வீச வராமல் பழைய பழக்கத்தில் இடுப்புக்கே போய் மடங்கிக்கொண்டது. கலங்கல் சத்தம் கேட்கிற இடம் வருவதற்குள் அதுவும் சரியாகிவிட்டது. இரண்டு கையையும் ஆசைதீர வீசி நடந்தேன். எதிரே வந்த சிட்டம்மாள், "இன்னாடி, மிலிட்டரியில சேந்துட்டியா?" என்று கேட்டார்.

சாப்பிடும்போது மாமனாரிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தேன். திரும்பும்போது பையன் தூங்கிவிடுவான், அவனை நீங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், வண்டி சும்மாதானே வரும் என்று. அவர் வெற்றிலையை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"டேய் தினேசு, இன்னும் ரெண்டு வட துண்ணு. திரும்பும்போதும் நீதான் தள்ளணும்."