பேய்க்கு மூட்டுவலி

சினிமாவில் அவரை ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பனைமரத்துக்குப் பாதி உயரம், மருந்துக்கும் சதை கிடையாது. கோர்ட்டுக் காட்சி என்றால் கடைசி பெஞ்சு. ஆஸ்பத்திரிக் காட்சி என்றால் ஸ்ட்ரெச்சர். தலை நரைத்த பிறகுதான் ஒரு முழு வேடம் கிடைத்தது. பேய் வேடம். முகத்தில் கெட்டியாகச் சாந்து, உடம்பில் சாம்பல் நிற அங்கி. பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் தெரியாது.

மகளிடம் அவர் சொல்லவில்லை.

மகள் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவள். தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள். தெரிந்தவர்கள் வேலை செய்த படத்துக்கு எழுத மாட்டாள் என்பது அவள் வைத்திருந்த சட்டம். அப்பா ஓரமாய்த் தலைகாட்டிய படங்களைக்கூட வேறு ஆளிடம் தள்ளிவிடுவாள். அவருக்கோ ஒரே ஆசைதான். தன் வேலையைப் பற்றி அவள் எழுதியதை ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும். திட்டினாலும் சரி. அதற்கு அவளுக்கு விஷயம் தெரியக் கூடாது. படம் வெளியானதும் அவள் விமர்சனத்துக்காகப் பார்க்கக் கிளம்ப, அவரும் கூடவே கிளம்பினார்.

"பேய்ப் படத்துக்கா? நீங்களா?" என்றாள் மகள்.

"சும்மாதானே கெடக்கேன். வரேன்."

"அலறினீங்கன்னா யாரோ எவரோன்னு நகர்ந்து உக்காந்துக்குவேன்."

பகல் காட்சி. அவர் திரையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு பழைய வீடு. குடிவந்த குடும்பம் காலையில் எழுந்தால் நாற்காலி ஒன்று கொஞ்சம் நகர்ந்திருக்கும். அவ்வளவுதான். இசை இல்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். மகள் பேனாவைக் கடித்தாள். பேனாவைக் கடித்தால் படம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பேய் மாடிப்படி இறங்கி வந்தது. பின்வரிசையில் ஒரு பெண் "அம்மாடி" என்றாள். மகள் எதையோ குறித்துக்கொண்டாள்.

அடுத்து, குழந்தை தூங்கும் அறை. பேய் கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். இயக்குநர் சொன்னது அதை மட்டும்தான். ஆனால் படப்பிடிப்பன்று குழந்தையின் பாதம் போர்வைக்கு வெளியே கிடந்தது. அவர் கை தானாகப் போய்விட்டது. போர்வையை இழுத்துப் பாதத்தை மூடி, நுனியைக் குதிகாலுக்கு அடியில் செருகியது. "யோவ், பேய்க்கு எதுக்குய்யா இந்தப் பாசம்?" என்று இயக்குநர் கத்தினார். பிறகு மானிட்டரில் போட்டுப் பார்த்தார். மறுபடி எடுக்கவில்லை.

திரையில் அந்தச் சாம்பல் கை போர்வையை இழுத்தது. தியேட்டரே அலறியது.

மகள் அலறவில்லை. மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வெறித்துத் திரையைப் பார்த்தார். அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டாள்.

போச்சு. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. மீதிப் படம் எப்படி ஓடியது என்றே தெரியவில்லை.

படம் முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"சின்ன வயசுல, ராத்திரி ஷூட்டிங் முடிஞ்சு வந்ததும் என் காலுக்கு நீங்க அப்படித்தானே செருகுவீங்க. அதுக்காகவே போர்வையை உதைச்சு வெச்சிருப்பேன்."

"தூங்கிட்டுல்ல இருப்ப?"

"ஏன், நம்ம வீட்ல நடிகர் நீங்க ஒருத்தர்தானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எழுத முடியாதுப்பா. வேற ஆளு எழுதுவாங்க."

"தெரியும்."

"சொல்றதுக்குத் தடை இல்ல. உக்காருங்க. முதல்ல குறை. தாங்குவீங்களா?"

"சொல்லும்மா."

"இடைவேளைக்கு அப்புறம் மந்திரவாதி வந்து பாடம் நடத்துறாரு. பேய் ஏன் வந்துச்சுன்னு யாரு கேட்டா? வீடே பயமுறுத்துது, அது மேல எதுக்கு இடிச் சத்தம்? வாசக்கதவைத் திறந்தா ஓடிப்போயிடலாம். ஒருத்தருக்கும் தோணல."

"அது சரிதான்."

"அப்புறம் பேய்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படி இறங்குறப்ப இடது கால் தாங்கித் தாங்கி வருது. மூட்டுவலி வந்த பேயை இப்பதான் பாக்குறேன்."

"அன்னைக்கு நாள் பூரா ஏத்தி ஏத்தி இறக்கினாங்கம்மா."

"பேய் சாக்குச் சொல்லக் கூடாது."

அவர் சிரித்துவிட்டார். "நிறைன்னு ஏதாவது?"

அவள் சாலையைப் பார்த்தாள். "போர்வையை இழுத்ததும் எல்லாருக்கும் பயம் ஏறிடுச்சு. எனக்கு மட்டும் பயமே போயிடுச்சு. இது அந்தக் குழந்தையை ஒண்ணும் செய்யாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அது நிறையா குறையான்னு எனக்கே தெரியலப்பா."

பஸ் வந்தது. அவர் இடது காலைப் படியில் வைத்துத் தடுமாறினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

"எதை? போர்வையையா?"

"இல்ல, குறையை. முதல்லேர்ந்து."