ரத்தத்தாலோ திருமணத்தாலோ

உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவன் மனைவியின் பெயருக்கு வந்திருந்தது. தாங்கள் தொழிலில் மேலும் சிறக்க வாழ்த்துகிறோம் என்று கடைசி வரியில் இருந்தது. படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு உணவுத் துறை அலுவலகத்தில் போய் நின்றான்.

இறந்தவருடைய உரிமத்தை எப்படிப் புதுப்பிப்பது என்று கேட்டான். கவுண்டரில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் வயதைப் பார்த்துவிட்டு, அது தானாகவே காலாவதி ஆகிவிட்டது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். நடுவில் யாராவது அந்த வீட்டில் எதையாவது செய்து விற்றிருந்தால் அது குற்றம் என்றும் சொல்லி வைத்தார். அவன் தலையாட்டினான். அந்த நடுவில்தான் அவனுடைய மாமியார் கேக்கும் பன்னும் பிஸ்கட்டுமாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னான். அத்தைக்கு விஷயம் பிடிபடவில்லை.

"லைசன்ஸ் ஓவனுக்குத்தானே மாப்பிள்ளை? ஓவன் நல்லாத்தானே இருக்கு?"

ஆளுக்குத்தான் என்றான். அத்தை கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, சூடேறிக்கொண்டிருந்த ஓவனை அணைத்தாள். பிசைந்து வைத்த மாவை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அது பாட்டுக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, சாயங்காலம் தானே அமுங்கிப் போயிற்று.

மகளுக்கு முடியாமல் போனபோது கூடமாட ஒத்தாசைக்கு என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள் அவள். மகள் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல இவள் செய்தாள். சர்க்கரையைக் கண்ணளவாகக் கொட்டாதே, எடை போடு என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். அந்தக் குரல் நின்ற பிறகும் ஆர்டர்கள் நிற்கவில்லை. போனில் கேட்டவர்களிடம் அத்தை ஆகட்டும் என்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். அவளும் கிளம்புவாள் என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஓர் ஆர்டர் இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன.

காலையில் வேலைக்குப் போகுமுன் அவனும் பெட்டிகளை மடித்துக் கொடுப்பான். ஆறிய கேக்கைப் பட்டர் பேப்பரோடு தூக்கி உள்ளே இறக்குவான். லேபிள் ஒட்டுவான். இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம். பேச்சு தேவைப்படாத வேலை. நாளில் அவன் நெஞ்சு கொஞ்சம் இளகுவது அந்த நேரத்தில்தான். அது அவனுக்குத் தெரிந்ததே ஓவன் அணைந்த பிறகுதான்.

வேலை இல்லாமல் அத்தை ஆளே மாறிப்போனாள். துவைத்த துணியைத் துவைத்தாள். தேய்த்த ட்ரேயைத் தேய்த்தாள். அவள் மகன் போன் மேல் போனாகப் போட்டான். அங்கே என்னதான் செய்கிறாய், புறப்பட்டு வா என்று அவன் கத்துவது அடுத்த அறைவரைக்கும் கேட்கும். ஒருநாள் சாப்பாடு போட்டபடியே சொன்னாள்:

"லைசன்ஸ் வந்தா இருக்கேன் மாப்பிள்ளை. வரலேன்னா நான் போறதுதான் முறை. பொண்ணு இல்லாத வீட்ல சும்மா உக்காந்து சாப்பிட்டா நல்லாருக்காது."

இருங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அவள் போனால் அந்த வீட்டில் ஓவன் இருக்கும், ஃபிரிட்ஜ் இருக்கும், அவன் இருப்பான். மூன்றும் ஒன்றோடொன்று பேசப்போவதில்லை.

அன்றைக்குத்தான் வீட்டுத் தொழில் விதிமுறைகளை எடுத்துப் படிக்க உட்கார்ந்தான்.

படித்தவன்தான். ஆனாலும் ஒவ்வொரு பத்தியையும் மூன்று தடவை படித்தால்தான் உள்ளே இறங்கியது. படித்ததும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. குளிரூட்ட வேண்டிய பண்டங்களை வீட்டில் செய்து விற்கக் கூடாது. ஆகவே கிரீம் கேக் கிடையாது. கிரீம் கெட்டுப்போய்விடும் என்ற அக்கறை போலத் தோன்றியது. இன்னொரு பத்தியில் கிரீமையும் வெண்ணெய்க் கிரீமையும் தனித்தனியாக விளக்கி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அத்தையிடம் கேட்டான். அரைப் பக்கத்தை ஒரே மூச்சில் தீர்த்து வைத்தாள்: "பால்ல செஞ்சது கூடாது, வெண்ணெயும் சர்க்கரையும்னா கூடும். இதுக்கு எதுக்கு இவ்ளோ எழுதியிருக்கான்?" கை கழுவும் தொட்டியும் பாத்திரம் கழுவும் தொட்டியும் வேறு வேறாக இருக்க வேண்டும். குப்பைத் தொட்டியைக் காலால்தான் திறக்க வேண்டும். விளக்குக்கு மூடி வேண்டும், உடைந்தால் கண்ணாடி மாவில் விழாதிருக்க. வீட்டுச் சமையலும் விற்பனைக்கான வேலையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. ஒவ்வொன்றாக வாங்கினான், மாட்டினான், ஒட்டினான். மனைவி இதையெல்லாம் தனியாகச் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் சலித்துக்கொண்டு சொன்னதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டு அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை செய்பவர்கள் பற்றிய விதி ஒரே வரி. உரிமதாரரும், அவருக்கு ரத்தத்தாலோ திருமணத்தாலோ உறவாகி அதே வீட்டில் வசிப்பவர்களும் மட்டுமே. வெளியாள் கை பட்டால் அது வீட்டுத் தொழில் ஆகாது, வாடகைக்குக் கடைச் சமையலறை பிடிக்க வேண்டும். இதில் சிக்கல் எதுவும் அவன் கண்ணில் படவில்லை. கடந்து போனான்.

விண்ணப்பிக்கிறவர் சுகாதாரப் பரீட்சை ஒன்று எழுதித் தேற வேண்டும். அத்தையைக் கேட்டான். பள்ளிக்கூடத்தோடு பரீட்சைக்குத் தலை முழுகியாயிற்று, நீங்களே எழுதுங்கள் என்று விலகிக்கொண்டாள். அவன் பெயரிலேயே விண்ணப்பித்தார்கள். பேக்கிங் சோடாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் வித்தியாசம் தெரியாதவன், உணவைக் கையாளத் தகுதியுள்ளவன் என்று சான்றிதழ் வாங்கினான். அத்தை அதை வாங்கிப் பார்த்து, போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பரிசோதகர் ஒரு நடுவயதுப் பெண். காலுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டக் குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார். அன்றைக்கு இது எத்தனையாவது வீடோ. குழாயைத் திறந்து பார்த்தார், ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானியைப் பார்த்தார், ஜன்னல் வலையை விரலால் அழுத்தினார், குப்பைத் தொட்டியை மிதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவரிடம் கேள்விகளும் இருந்தன. முட்டையை எங்கே வைப்பீர்கள்? கையில் வெட்டுக்காயம் பட்டால் என்ன செய்வீர்கள்? அவன் பாடப் புத்தகம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான்.

"பன் மாவு எவ்ளோ நேரம் பொங்கணும்?"

இது விதிமுறையில் இல்லை. அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை கூரையைப் பார்த்தாள்.

"அப்ப செய்யறது நீங்க இல்ல," என்றார் பரிசோதகர். திட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்புகூட வந்துபோயிற்று.

"அத்தைதான் செய்வாங்க. நான் கூட இருப்பேன்."

அவர் பலகையில் தாளைச் சரிசெய்துகொண்டு எழுதினார். எழுதும்போதே முணுமுணுக்கும் பழக்கம் அவருக்கு. "அத்தை... தந்தையின் சகோதரி... ரத்த உறவு. ஒரே வீடு. சரி, முடிஞ்சது."

அவன் காதில் நன்றாக விழுந்தது. பிறந்ததிலிருந்து அப்பாவின் தங்கையை அத்தை என்றான். கல்யாணத்திலிருந்து மனைவியின் அம்மாவையும் அத்தை என்றான். ஒரே சொல் இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. இதுவரை யாரும் எந்த அத்தை என்று கேட்டதில்லை. வீட்டில் மனைவி என்று ஒருத்தி கண்ணில் படாததால் பரிசோதகர் அப்பாவின் தங்கை என்ற பக்கம் போய்விட்டார். அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்ன சொல் சரியான சொல்தான். கேட்டவர் கேட்டுக்கொண்ட விதம் வேறு. திருத்தினால் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும், ஐயோ என்பார், எப்படி என்பார். அதையெல்லாம் தாங்கி நிற்கத் தெம்பில்லை. பேனா கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"நான் இவர் அப்பா கூடப் பொறந்தவ இல்லம்மா," என்றாள் அத்தை.

பரிசோதகர் நிமிர்ந்தார்.

"இவர் பொண்டாட்டிக்கு அம்மா."

"அப்படியா. மாமியாரா?" அவர் எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதப் போனார். "சரி, அதுவும் திருமண உறவுதான். மனைவி வேலைக்குப் போயிருக்காங்களா?"

ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓட ஆரம்பித்தது. அத்தை இப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் தானே சொல்லப்போவதில்லை என்று அந்தப் பார்வையில் இருந்தது.

"செத்துப்போயிட்டா," என்றான் அவன்.

காலமாகிவிட்டாள், தவறிவிட்டாள் என்று யார் யாரோ அவன் சார்பில் சொல்லியிருக்கிறார்கள். அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதும் எதுவும் ஆகவில்லை. பரிசோதகர் ஐயோ என்று சொல்லவில்லை. பலகையை மேடைமேல் வைத்தார். விதிமுறைப் புத்தகத்தை எடுத்து அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"மனைவி போனப்புறம் மாமியார் உறவு கணக்குல வருமான்னு இதுல போடல," என்றார். "எனக்கும் தெரியல. மேல எழுதிக் கேக்கணும். கேட்டா இழுத்தடிப்பாங்க." பிறகு அத்தையிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீங்க பேசாம இருந்திருந்தா இப்ப கையெழுத்துப் போட்டிருப்பேன்மா," என்றார்.

"தெரியும்," என்றாள் அத்தை.

பரிசோதகர் நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். தனியாள் உரிமம். யார் செய்கிறாரோ அவர் பெயரிலேயே வாங்குவது. அதில் உறவுப் பேச்சே கிடையாது. வீட்டுக்காரர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் வேலை நடக்கும் நேரத்தில் உரிமதாரரைத் தவிர வேறு ஒருவரும் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. பெட்டி மடிக்கக்கூட. பரீட்சையை அம்மாவேதான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் பார்த்தாயிற்று, திரும்பப் பரிசோதிக்க வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிக் குப்பைத் தொட்டியைக் காலால் திறந்து போட்டார்.

அவர் போனதும் அவன் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தான். எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"பேசாம இருந்திருக்கலாம் அத்தை. முடிஞ்சிருக்கும்."

"நீங்கதான் பேசாம இருந்தீங்களே. ரெண்டு பேரும் பேசாம இருந்தா அவ எங்க போவா?"

அத்தை நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். மேடைமேல் பலகை இருந்த இடத்தை, ஒன்றுமில்லாத அந்த இடத்தை, துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். உங்கள் அப்பாவுக்குத் தங்கையாக இருந்தால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, மாவு பிசையவா இங்கே வந்தேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

அவன் சமையலறை வாசலில் நின்றான். என்ன சொல்வது என்று இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது இப்போதும் தெரியவில்லை. தெரியாமலே சொன்னான்.

"லைசன்ஸ் வந்தாலும் வராட்டியும் இருங்க அத்தை."

துடைத்த கை நின்றது. அவள் திரும்பவில்லை.

"எதுக்கு?"

அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். யோசித்துப் பார்த்தான்.

"தெரியல."

அத்தை துணியைப் பிழிந்து உதறிக் கம்பியில் போட்டாள். அதன் ஓரங்களை இழுத்து நேராக்கினாள். அந்தப் பரீட்சையில் எழுதச் சொல்வார்களா, டிக் அடித்தால் போதுமா என்று கேட்டாள். டிக்தான் என்றான். தப்பாக அடித்தால் மார்க் குறைப்பார்களா என்றாள். இல்லை என்றான். முட்டை, வெட்டுக்காயம் என்று நீங்கள் பதில் ஒப்பித்ததைக் கேட்டேன், அதில் இரண்டு தப்பு, அந்த அம்மாள் பாவப்பட்டு விட்டுவிட்டாள் என்றாள். சரிதான் என்று ஒத்துக்கொண்டான்.

"என் பேர்ல வந்தா நீங்க உள்ள வரக்கூடாதாமே?"

"ஆமா. வேலை நேரத்துல."

"நான் ஆரம்பிக்கிறதே விடியறதுக்கு முந்தி. அப்ப காலைல காப்பி எப்படிக் குடிப்பீங்க?"

அவன் கீழே பார்த்தான். கதவு நிலைக்கு இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் சமையலறைத் தரை. சரியாக நிலையில் நின்றுகொண்டிருந்தான். ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தான்.

"இங்க நின்னு வாங்கிக்கறேன்," என்றான்.