அடுப்பு பிராண்டேயில், சூடு டோஸ்ட்ருப்பில்

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் புஷ்பராணி தன் விறகடுப்பில் மூட்டும் நெருப்பின் சூடு, இரண்டு பெரிய கடற்பாலங்களுக்கு அப்பால் டோஸ்ட்ருப்பில், அவளுடைய மகன் யதுர்சன் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் வருகிறது. அவளுடைய வீட்டில் வருவதில்லை. உள்ளே விறகு சடசடவென்று எரிந்துகொண்டிருக்கும். வெளியே அடுப்பின் இரும்பைத் தொட்டால் பச்சைத்தண்ணீர் போலக் குளிரும்.

அது இப்படித்தான் ஆனது, பிள்ளைகளே. கணவர் காலமானபின் அந்தச் செங்கல் வீட்டில் அவள் தனியே இருந்தாள். யதுர்சன் மனைவி பிள்ளையோடு வந்தாலும் பின்னேரமே காரைத் திருப்பிவிடுவான். "வீடு குளிரம்மா, பிள்ளைக்குத் தடிமன் வந்திடும்" என்பான். அவர்கள் ஓர் இரவாவது தங்கவேண்டும் என்றுதான் பழைய புகைக்கூட்டுக் குழிக்குள் விறகடுப்பு வைக்க நினைத்தாள். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் நவரத்தினம் சனிக்கிழமைகளில் வீடு திருத்துவார். அவர்தான் குழிக்குள் தலையைக் கொடுத்து, கரியைச் சுரண்டி, செங்கலை நனைத்து, மூன்று பக்கமும் சுண்ணாம்புச் சாந்து பூசி, அடுப்பை உள்ளே இருத்தினார். "பூச்சு நல்லாக் காயட்டும் தங்கச்சி, ஒரு மாதத்துக்கு நெருப்புக் காட்டாதை" என்றார். ஆனால் அடுத்த கிழமை மார்கழி பிறந்துவிடும். பிறந்தால் தை வரைக்கும் பால் காய்ச்ச முடியாது. யதுர்சனுக்கும் அந்த ஞாயிறுதான் வசதி. ஐயர் சொன்ன நல்ல நேரத்தில், ஈரப் பூச்சுக்கு நடுவே நெருப்பு மூட்டிப் பால் பானையை வைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். பூச்சில் மயிரிழை போல ஒரு வெடிப்பு மேல்நோக்கி ஓடியதை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றும் அவர்கள் தங்கவில்லை. வீடு திரும்பியபோது டோஸ்ட்ருப்பில் படுக்கையறைச் சுவர் சூடாக இருந்தது. பால் தீய்ந்த மணமும் வந்தது. அந்தச் சுவருக்குள் குழாய் எதுவும் ஓடவில்லை என்று கட்டடக்காரர் பார்த்துச் சொன்னார். பிராண்டேயில் புகைக்கூடு துடைக்க வந்தவர் கண்ணாடி பிடித்துப் பார்த்து, புகை இழுவை நல்லது, சூடு மட்டும் வேறு விலாசத்துக்குப் போகிறது என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனார். அதன்பின் யதுர்சனுக்கு வர ஒரு தேவையும் இருக்கவில்லை. தொலைபேசி எடுப்பதும் குறைந்தது. சுவர் சூடாக இருந்தால் அம்மா சுகமாக இருக்கிறாள், அவ்வளவுதானே.

இரண்டாவது குளிர்காலத்தில் நவரத்தினம் வந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். "கோட்டுப் போட்டுக்கொண்டு சோறு காய்ச்சிற ஆளை இப்பதான் பாக்கிறன். இடிச்சுப் பூசுவம். சூடு வீட்டுக்கை நிக்கும், பொடியனும் வந்து நிப்பான்." அவளும் ஓம் என்றாள். நெருப்பை அணைத்து, சாம்பலை அள்ளி, அடுப்பை வெளியே இழுத்தார்கள். அவர் உளியை வைக்கும்போது தொலைபேசி அடித்தது.

"அம்மா, என்ன நடந்தது? சுவர் ஆறீட்டுது. பிள்ளை அதோட ஒட்டித்தான் நித்திரை கொள்ளுறது, இப்ப கத்துது." பாதி டேனிஷில் பதறினான். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அறிந்தபிறகும் வைக்கவில்லை. பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் வந்ததையும், தன் முதுகு நோவையும் சொன்னான். அவ்வளவு நேரம் அவன் கதைத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

"விடுங்கோ அண்ணை" என்றாள் புஷ்பராணி. "அடுப்பைத் திருப்பித் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"அப்ப உனக்குச் சூடு?"

"எனக்குத்தான் கோட் இருக்கே."

இப்போதும் காலையில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் நெருப்பு மூட்டுகிறாள். கிழமையில் ஆறு நாளும் சூடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. ஞாயிறு மத்தியானம் மட்டும் நெருப்பைத் தணிய விடுவாள். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடிக்கும்.

"அம்மா, சுவர் ஆறுது."

"ஓம் அப்பன், இந்தா போடுறன்" என்பாள். விறகு மடியில் இருக்கும். "பிள்ளை என்ன சாப்பிட்டது, சொல்லு."