நுகாலுக்குப் போகும் கராம்பு

நுகால் என்றொரு ஊர் போனில் இருக்கிற மேப்பில் இல்லை. வாப்பாவுக்கு அது போதும்.

"இல்லாத ஊருக்குக் கராம்பா? யாரோ ஏமாத்துறாங்க, மகள்."

எனக்கு வந்த முதல் வெளிநாட்டு ஓர்டர் அது. சோமாலியாவின் வடகிழக்கில் பண்ட்லாண்ட், அதற்குள்ளே நுகால். அங்கே தேத்தண்ணிக்குக் கராம்பு வேண்டுமாம். மூடைகள் கட்டியாயிற்று. கொழும்புக்குப் போகும் லொறியிலிருந்து டிரைவர் ஷிஹாம் ஹோன் அடித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் தோட்டம் வாப்பாவுடையது. அவர் தலையாட்டாமல் ஒரு மூடையும் ஏறாது. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

"நுகால் ஊரில்ல வாப்பா, நம்ம மாவட்டம் மாதிரி. அதோட தலைநகர் கரோவே."

"மாத்தளை மாவட்டத்துக்கு மாத்தளை டவுன் இருக்கு. கண்டிக்குக் கண்டி இருக்கு. நுகாலுக்கு நுகால் எங்க?"

அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்றேன். அவருக்கு ஏறவில்லை. புது வியாபாரி யார் வந்தாலும் வாப்பா இரண்டே கேள்விதான் கேட்பார்: எந்த ஊர், எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத்? சரி, கேட்டே விடுவோம் என்று கராம்பு கேட்ட ஹோதானுக்கு வீடியோ கோல் எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டையும் கேட்டேன்.

ஹோதான் சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடிப் போனைத் திருப்பினாள். வெள்ளை மினாரா, அதன் கீழே ஆடுகள்!

"இதுதான் எங்கள் பள்ளி. ஊர் புர்தின்லே, நுகாலுக்குள்ளே ஒரு பிரிவு. பொஸாஸோ துறைமுகத்தில் சரக்கு இறங்கி, கரோவே வழியாக இங்கே வரும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ மாத்தளை என்றாய். அனுப்பிய லொகேஷன் பல்லேபொல என்கிறதே? நீ கள்ளி என்று என் அண்ணன் சண்டை பிடிக்கிறான்."

வாப்பாவுக்கு அப்படியே சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"பல்லேபொலன்னா வெளியில யாருக்குத் தெரியும்? அதான் மாத்தளைன்னு சொல்றோம்!"

"புர்தின்லேன்னா யாருக்குத் தெரியும் வாப்பா? அதான் அவங்களும் நுகால்ன்னு சொன்னாங்க!"

அடுத்த கணம் வாப்பா போனைப் பறித்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, றோட்டுக்கு ஓடினார். எங்கள் பள்ளியைக் காட்டி, புர்தின்லேக்கே கேட்கும்படி ஸலாம் சொன்னார். அங்கே அண்ணன்காரனும் பதில் ஸலாம் கத்தினான். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூடையில் அனுப்புகிறவர் முகவரி எழுதப் பெயின்ட் டின்னைத் திறந்தேன். 'மா' என்று தொடங்கியதும் வாப்பா என் கையைப் பிடித்தார்.

"அத அழி, மகள். பல்லேபொலன்னு பெருசா எழுது."