மடிப்புக்கு விட்ட இரண்டு அங்குலம்

ஜிக்சா ரம்பத்தின் பிளேடு பிளைவுட்டுக்குள் இறங்கியதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற டெய்லரம்மா! நீ அறுக்கிறது பலகை. என் காலு இல்ல."

"காலும் பக்கத்துலதானே இருக்கு. எதுக்கும் கொஞ்சம் இழுத்துக்கோங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவன் நிஜமாகவே காலை இழுத்துக்கொண்டான். முன் அறை முழுவதும் மரத்தூள். தைத்து முடித்த திரைச்சீலைகளைப் பழைய போர்வையால் மூடி மூலையில் தள்ளியிருந்தாள். தையல் மெஷின் மேலும் ஒரு துண்டு. இத்தனை வருடம் அவள் வெட்டியது துணி. வெட்டிய எதுவும் இப்படிக் கத்தியதில்லை. கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்ததில்லை. ஆனாலும் பென்சில் கோட்டைவிட்டு ஒரு நூல் விலகாமல் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோடும் அவள் போட்டதுதான். கட்டில் அளவு பழுப்புத் தாளை விரித்து, சட்டைக் கைக்குழி வரையும் வளைவுச் சட்டத்தை நகர்த்தி நகர்த்தி வைத்து, தரையில் படுத்துத் தொடங்கி மெல்ல எழும் ஒரு வளைவை அவன் வாயால் சொல்லச் சொல்ல வரைந்திருந்தாள்.

ரிமோட் டிரக் தாவுவதற்கான சாய்தளம் அது. டிரக் என்றால் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுதான். ஆனால் பிளாஸ்டிக் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். நிஜ ஷாக் அப்சார்பர், நிஜ கியர், நாய் துரத்தினால் பிடிக்க முடியாத வேகம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. தலைசுற்றும் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு லாரி அளவுப் பெட்டியை, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் கப்பலில் இறக்குவான். அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர் கொக்கி. அந்தக் கை வாரம் முழுக்கச் செய்ததையே ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னதாகச் செய்துபார்க்கும் விளையாட்டு இது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தக் கைதான் போய்க்கொண்டிருந்தது. முதலில் சட்டைப் பட்டன். அப்புறம் சாவி. நரம்பு டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டி, ஊசியால் குத்திப் பார்த்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது விரலோட நிக்கிற சமாச்சாரம் இல்ல" என்றார். வேடிக்கை என்னவென்றால், விரல்களை மடக்கச் சொன்னால் மடங்கின. நீட்டச் சொன்னால்தான் யோசித்தன. டம்ளரைப் பிடிப்பான், விட முடியாது. அவள் பேசிக்கொண்டே, பேச்சு நிற்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து டம்ளரை வாங்கிக்கொள்வாள். டீ நன்றாக இருந்ததா என்று கேட்பாள். இருந்தது என்பான்.

அவளுக்குப் பயம் வியாதியைப் பார்த்து அல்ல, அவனுடைய சுபாவத்தைப் பார்த்து. ஒன்றை விட்டானென்றால் அடியோடு விடுகிற ஆள். கிரேன் வேலை போன அன்றே ஹெல்மெட்டையும் பூட்ஸையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தான். அதன்பிறகு துறைமுகம் கண்ணில் படுகிற தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பட்டன் போட முடியாமல் போன மறுநாள் பட்டன் வைத்த சட்டைகள் அத்தனையும் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு வாசலில் இருந்தன. இப்போது ரிமோட்டின் முறை.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தாவல்" என்று சொல்லியிருந்தான். "வண்டி நேரா இறங்குச்சுன்னா சரி, ஓட்டிக்கிட்டே இருப்பேன். கவுந்துச்சுன்னா வண்டி, ரிமோட் எல்லாத்தையும் எவனுக்காவது குடுத்துடு. அப்புறம் வீட்டுல அந்தப் பேச்சே வரக்கூடாது."

"அதையும் விட்டுட்டு என்ன பண்றதா உத்தேசம்?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதுதான் பதில் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே பலகைக்கடைக்குப் போனாள்.

இரண்டு பக்கப் பலகைகளும் தயார். நடுவே குறுக்குச் சட்டங்களை வைத்து முடுக்கினாள். மேலே போர்த்த வேண்டிய மெல்லிய பலகைதான் வளைய மாட்டேன் என்று படுத்தியது. அழுத்தினால் முறியும் போல முனகியது. சட்டென்று எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்தாள். ஈரத் துணியைப் பலகைமேல் விரித்துச் சூடாக ஓட்ட ஓட்ட, ஆவியில் ஊறிய பலகை முரட்டுக் காலர் மாதிரி அடங்கி வளைந்து கொடுத்தது. கொக்கி வாயைப் பிளந்தான்.

"அடிப்பாவி! எந்த ஆசாரியும் இப்படிப் பண்ணிப் பாத்ததில்ல."

"எந்த ஆசாரி கல்யாண மண்டபத்துக்குத் திரை தைச்சான்?"

கடைசி ஸ்குரூவும் இறங்கியதும் அவன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து ஒரு கண்ணால் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"நுனி என்ன இவ்வளவு தூக்கிக்கிட்டு நிக்குது?"

"நீங்க சொன்ன அளவுதான்."

"நான் சொன்ன எடத்துலயா வெட்டின?"

"இல்ல. மடிப்புக்கு ரெண்டு அங்குலம் விட்டு..." சொல்லும்போதே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரை என்றால் அடியில் மடித்துத் தைக்கத் துணி விடவேண்டும். பழகிய கை பலகைக்கும் விட்டுவிட்டது. கொக்கி முதலில் புரியாமல் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தரையில் கிடந்தபடியே, மரத்தூள் கன்னத்தில் ஒட்ட, மூச்சு வாங்க வாங்க. "பிளைவுட்டை மடிச்சுத் தைக்கப் போறியா? எந்த நூலு போடுவ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தான். அவளும் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"தள்ளுங்க, அறுத்துடுறேன்."

"வேணாம், இருக்கட்டும்."

"தப்பாச்சேங்க."

அவன் எழுந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான். வளைவு நீண்டுவிட்டதால் டிரக்கின் மூக்கு அதிகமாக மேலே தூக்கும். அப்படியே விட்டால் மல்லாந்து விழும். வண்டி ஆகாயத்தில் இருக்கும்போதே பிரேக் அடிக்கணும். வீலு நிக்கும், கத்தல் நிக்கும், மூக்கு தானா இறங்கும். அவ்வளவுதான். பிரேக் என்பது, துப்பாக்கிக்கு இருப்பதுபோல் ரிமோட்டில் இருக்கும் குதிரையை இழுத்துப் பிடித்திருக்கும் ஆள்காட்டி விரலை விட்டு, முன்பக்கம் தள்ளுவது.

நீட்டுவது.

இருவரும் ஒரே சமயத்தில் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"அறுத்துடுறேங்க" என்றாள் மறுபடியும். குரல் கெஞ்சியது.

"தானா பறந்து தானா எறங்குச்சுன்னா அதுல என் விரலுக்கு என்ன வேலை? நீ தெரியாம விட்டதுதான் சரி."

எந்த அளவிலும் பிசகாத தன் கை, இரண்டு அங்குலத்தைக் கொண்டுபோய் அவன் விரல்மேல் ஏற்றி வைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அன்று தைத்த திரையைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தாள்.

அவன் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போயிருந்த ஒரு மதியம், டிரக்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் கொக்கியின் நெடுநாள் கூட்டாளி. அவளைத் தங்கச்சி என்பவர். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்து, பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது ரிமோட்டா?"

"பிரேக்குக்கு மட்டும். மத்ததெல்லாம் அவரு ஓட்டட்டும். அந்த ஒரு நொடி நான் அழுத்துனா வேலை செய்யணும். முடியுமா அண்ணே?"

"முடியுமாங்கிறது இல்ல தங்கச்சி. அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா எங்கிட்ட பேசுறதையே விட்டுருவான். அவன் எதையாவது விட்டா..."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் வெகுநேரம் டிரக்கின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் அதைக் கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைத் திறந்தார்.

கடைக்குப் பின்னால் இருந்த சந்தில், செங்கல்மேல் சாய்த்த ஒரு பழைய கதவில் பழகிக்கொண்டாள். கடைக்காரர் ஓட்டினார்; அவள் பிரேக் மட்டும் அடித்தாள். ஆரம்பத்தில் வண்டி குப்புற விழுந்தது, மல்லாந்து விழுந்தது, கடைக்காரரின் சைக்கிள்மேல் விழுந்தது. பிறகு பிடிபட்டது. மெஷின் ஓடும் வேகத்தில் துணியின் ஓரம் வருவதைக் கால் தானாக உணர்ந்து நிறுத்துமே, அதே சங்கதிதான். காதில் அந்தச் சக்கரக் கத்தல் உச்சத்துக்குப் போகும் கணம், அழுத்து, விடு. "நீ அவனையே மிஞ்சிருவ போல" என்றார் கடைக்காரர். சொன்னபிறகு இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மூடிக் கிடக்கும் கிடங்குக்குப் பின்னாலிருந்த சிமென்ட் தளம். கூட்டாளிகள் அவரவர் வண்டியோடு வந்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் முதல் ஆளாக டிரக்கை விட்டார். அது சாய்தளத்தின் பக்கவாட்டில் ஏறி, முதுகைத் தரையில் வைத்து, நான்கு காலையும் ஆட்டியது.

"வாத்தியாரே, உங்ககிட்ட லைசென்ஸ் எடுத்தவன் எல்லாம் உயிரோட இருக்கானா?" என்றான் கொக்கி. தளமே சிரித்தது. "பேசாதடா கொக்கி, உன் முறை வருதுல்ல" என்றார் வாத்தியார், வண்டியைத் தூசி தட்டியபடி.

அவன் முறை வந்தது. ரிமோட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்தான். அவள் நாலடி பின்னால் நின்றாள். தோளில் துணிப்பை. வலது கை பைக்குள்.

டிரக் தூரத்தில் திரும்பி நின்றது. பிறகு பாய்ந்தது. இஸ்திரி போட்ட வளைவில் வழுக்கி ஏறியது. எகிறியது. அவள் பயந்தது போலவே மூக்கு செங்குத்தாய்த் தூக்கியது. சக்கரங்கள் வெற்றுக் காற்றில் கத்தின. "போச்சு!" என்றார் யாரோ. அவள் கை பைக்குள் அசைந்தது.

கத்தல் நின்றது. மூக்கு தாழ்ந்தது. நான்கு சக்கரமும் ஒருசேரத் தரையைத் தொட்டன. எத்தனை பக்குவமாக என்றால், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போட்டதுபோல்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. வாத்தியார் தன் தொப்பியைக் கழற்றி கொக்கியின் தலையில் கவிழ்த்தார். "கை போச்சு கை போச்சுன்னு எங்களை ஏமாத்துறியாடா?" என்று முதுகில் அறைந்தார். செல்போன் கடைக்காரர் மட்டும் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கொக்கி சிரித்தான். எல்லோருக்கும் தலையாட்டினான். பிறகு குனிந்து தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். அது இன்னும் குதிரையை இழுத்தபடியே மடங்கியிருந்தது. இடது கையால் அதைப் பிரித்து எடுத்தான். வண்டியைத் தூக்கி வரச் சொல்லிவிட்டு, தொப்பியை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளிடம் வந்தான்.

"நான் அழுத்தல" என்றான் மெதுவாக.

அவள் பையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கை தட்டுனாங்க. நீ தட்டல. ஒரு கை பைக்குள்ள இருந்துச்சு."

"என்னங்க..."

"நல்லா எறக்கின." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "கப்பல்ல நான் எறக்குற மாதிரியே. ஆனா விரல் நீளுதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ல? எனக்கு மட்டுமாவது."

"கவுந்துட்டா எல்லாத்தையும் விட்டுருவீங்க. அதுக்கப்புறம்..."

அவன் அவள் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிடப் பார்த்தான். விரல்கள் வளைந்தபடியே உரசிப் போயின. நூல் அங்கேயே இருந்தது.

"பையை அந்த மரத்தடியில வச்சுட்டு வா."

"வேணாங்க."

"வச்சுட்டு, எம் பக்கத்துல வந்து நில்லு."

மரத்தடி வெகு தூரமாகத் தெரிந்தது. பையை வேரின்மேல் சாய்த்துவைத்துவிட்டுத் திரும்பினாள். வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டாள்.

"டேய், இன்னொரு தடவையா? வந்த நல்ல பேரைக் கெடுத்துக்காதே!" என்று வாத்தியார் கத்தினார்.

கொக்கி விரலை ஒரு முறை வாயருகே கொண்டுபோய் ஊதினான், பனிக்காலத்தில் ஊதுவதுபோல. அதைக் குதிரையில் வைத்தான். தூரத்தில் டிரக் திரும்பி நின்றது. பாய்ந்தது. சாய்தளம் அதிரும் சத்தம் கேட்டது. அத்தனை தலைகளும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

அவள் மட்டும் மேலே பார்க்கவில்லை. கறுப்புக் குதிரையைக் கவ்வி மடங்கியிருந்த அந்த ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் வெளுத்திருந்தது. தலைக்குமேல் சக்கரங்கள் கத்திக்கொண்டிருந்தன. விரலின் மூட்டுக்கு அடியில், தோலுக்குள், ஏதோ ஒன்று லேசாகத் துடித்தது.